சைக்கிள் கழுத்துல ரெண்டு கிண்ணம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு ஹெட்செட் பத்திப் பேசலாம். இப்ப நீங்க காதுல மாட்டிக்கிட்டு என்னைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே, அது இல்ல. சைக்கிளுக்கு ஒரு ஹெட்செட் இருக்கு. பல பேர் பத்து வருஷம் சைக்கிள் ஓட்டியிருப்போம், அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாம.

சைக்கிள் ஃப்ரேமோட முன்பக்கத்துல, கம்பெனி முத்திரைத் தகடு ஒட்டியிருக்குமே, அந்தக் குட்டைக் குழாயை நினைச்சுக்கோங்க. ஒரு சாண்கூட இருக்காது. அதுக்குள்ள நுழைஞ்சுதான் முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்கோட தண்டு மேல வருது, அதுமேல ஹேண்டில்பார் உட்காருது. குழாயோட மேல்வாயில ஒண்ணு, கீழ்வாயில ஒண்ணுன்னு ரெண்டு எஃகுக் கிண்ணங்கள் இறுக்கமா அடிச்சு இறக்கியிருக்கும். கடைக்காரங்க 'கப்'னு சொல்வாங்க. அந்தக் கப்புக்குள்ள கிரீஸ்ல குளிச்சபடி குட்டிக் குட்டி பால்ஸ். பழைய மாடல் சைக்கிள்கள்ல பெரும்பாலும் அங்குலத்துல 32-ல் 5 பங்கு, அதாவது 4 மில்லிமீட்டர் அளவு. நீங்க ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பும்போது அந்த பால்ஸ்தான் உருளுது. மொத்தமும் சேர்ந்ததுதான் ஹெட்செட்.

உங்க சைக்கிள் பக்கத்துல இருந்தா இப்பவே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்க. கழுத்துல 'கடக் கடக்'னு தட்டுப்பட்டா லூஸ். அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலேருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல ஏதோ பள்ளத்துல விழுந்த மாதிரி 'டக்'னு நின்னா, கப் தேஞ்சுபோச்சு.

ஏன் நேரா வர்ற இடத்துல மட்டும் அப்படி? சக்கரத்துல இருக்கிற பேரிங் முழுச் சுத்து சுத்தும். தேய்மானம் எல்லாப் பக்கமும் சமமாப் பங்கு போட்டுக்கும். ஹேண்டில் அப்படி இல்ல. நாள் முழுக்க ஓட்டினாலும் அது கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி, அவ்வளவுதான். ஒவ்வொரு பாலும் அதே இடத்துலயே உட்கார்ந்துக்கிட்டு அதிருது. அடியில இருக்கிற கிரீஸ் விலகிடும், புதுசா உள்ள வர வழியில்ல. உலோகத்தோட உலோகம் உரசி நாளடைவுல ஒரு குழி. ரோட்டுப் பள்ளத்துல விழுந்து விழுந்து பால்ஸ் சுத்தியல் மாதிரி அடிச்சுத்தான் குழி விழுதுன்னு மெக்கானிக்குகள் ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஜோப்ஸ்ட் பிராண்ட்னு அமெரிக்காவுல ஒரு எஞ்சினியர், சைக்கிள் சக்கரத்தைப் பத்திப் பிரபலமான புத்தகம் எழுதினவர், அதை மறுத்து இந்த உரசல் காரணத்தை வாதாடினார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிற மாதிரித் தோணுது. ஏன்னா நல்ல தார் ரோட்டுல மட்டும் ஓடுற சைக்கிள்லயும் இந்தக் குழி வருது.

சரி, இந்தக் கிண்ணம் எங்கேருந்து வந்துச்சு?

முதல்ல பால்ஸ். 1869-ல பாரிஸ்ல ஜூல் சுரிரே என்ற சைக்கிள் மெக்கானிக் பால் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் நவம்பர்ல பாரிஸ்லேருந்து ருவான் நகரம் வரைக்கும் நடந்த பந்தயத்துல ஜேம்ஸ் மூர் ஜெயிச்ச சைக்கிள்ல இருந்தது அந்த பேரிங். ஆனா பால் எல்லாம் ஒரே அளவா, ஒரே உருண்டையா இருக்கணுமே? கையால செஞ்சா கட்டுப்படியாகாது. 1883-ல ஜெர்மனியில ஷ்வைன்ஃபுர்ட் ஊர்க்காரர் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் பால்ஸை அரைச்சு உருட்டுற மெஷின் ஒண்ணை உருவாக்கினார். அதுக்கப்புறம்தான் இது மலிவுப் பொருள் ஆச்சு. அந்த ஊரே பேரிங் ஊர் ஆயிடுச்சு. எந்த அளவுக்குன்னா, இரண்டாம் உலகப் போர்ல, 1943-ல, அமெரிக்க விமானங்கள் குறிவெச்சு ஷ்வைன்ஃபுர்ட்டைத் தாக்குச்சு. நம்ம ஊர்ல இந்த பால்ஸையும் குண்டுன்னுதான் சொல்வோம். குண்டு செஞ்ச ஊர் மேல குண்டு.

1885-ல இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்துல ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இன்னிக்கு நாம ஓட்டுறது எல்லாமே அதோட பேரப்பிள்ளைகள்தான். அதுக்கு அடுத்த பதினைஞ்சு வருஷத்துல பிர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம், கோவென்ட்ரி மூணு ஊரும் உலகத்தோட சைக்கிள் பட்டறை ஆச்சு. பி.எஸ்.ஏ. பேரைக் கேட்டிருப்பீங்க. அதோட விரிவாக்கம் பிர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல துப்பாக்கி செய்யற கைவினைஞர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. மூணு துப்பாக்கியைச் சாய்ச்சு நிக்க வெச்ச மாதிரி அதோட சின்னம் அதனாலதான். நம்ம ஊர் 'பி.எஸ்.ஏ. லேடிபேர்ட்' ஓட்டின அக்காக்கள் எத்தனை பேருக்குத் தெரியும், அது துப்பாக்கிக் கம்பெனிப் பேருன்னு!

துப்பாக்கிக்காரங்க சைக்கிளுக்குக் கொண்டுவந்த பெரிய விஷயம் அளவு. ஒரு துப்பாக்கியோட பாகம் இன்னொரு துப்பாக்கியில அப்படியே பொருந்தணும். அதே பழக்கத்துல அவங்க முழு சைக்கிள் மட்டும் விக்கல, பாகங்களைத் தனி செட்டா வித்தாங்க. ஊர் ஊரா இருந்த சின்னப் பட்டறைக்காரங்க அதை வாங்கித் தாங்களே சைக்கிள் கட்டினாங்க. கிண்ணமும் இந்தக் கணக்குல வர்ற ஒரு பாகம்தான். ஃப்ரேம் தேயக் கூடாது, கிண்ணம் தேயட்டும், தேஞ்சா தட்டி எடுத்துட்டு வேற போட்டுக்கலாம். தேயறதுக்குன்னே வெச்ச பாகம். இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

எல்லாரும் ஒரே அளவுக்கு ஒத்துக்கிட்டாங்களான்னா, இல்ல. பிரிட்டிஷ் சைக்கிள்கள்ல ஃபோர்க் தண்டு ஒரு அங்குல விட்டம், அதுல ஒரு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலே மட்டும் 26 மரை போட்டுச்சு. வெறுங்கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 24 மரை நட்டை ராலே தண்டுல போட்டா ரெண்டு சுத்து நல்லா ஏறும், அப்புறம் மாட்டிக்கும். வலுக்கட்டாயமா ஸ்பேனரைப் போட்டா மரை ரெண்டும் போச்சு. ராலேக்கு ராலே பாகம்தான் போடணும். இதுக்குப் பொறியியல் காரணம் ஏதும் எனக்குத் தெரியல, வியாபாரக் காரணம் நல்லாவே தெரியுது. இன்னிக்கு போன் சார்ஜர்ல நடந்த கூத்தெல்லாம் புதுசு இல்ல.

இந்தியாவுக்கு வந்தது இந்த ஆங்கிலேய சைக்கிள்கள்தான். ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதல்ல வெள்ளைக்கார அதிகாரிங்க, அப்புறம் வக்கீல், வாத்தியார், தபால்காரர், பால்காரர். டேவிட் ஆர்னால்டு என்ற வரலாற்றாசிரியர் 2013-ல ஒரு புத்தகம் போட்டார். சைக்கிள், தையல் மெஷின், டைப்ரைட்டர், அரிசி மில், இந்த நாலு சின்ன மெஷின்களை வெச்சே நவீன இந்தியாவோட கதையைச் சொல்றார். ரயிலும் அணையும் அரசாங்கம் கொண்டுவந்தது. இதெல்லாம் தெருக்கோடிக் கடையில ரிப்பேர் ஆகி ஆகி நம்ம பொருள் ஆச்சு.

சுதந்திரம் வந்ததும் இறக்குமதியைக் குறைச்சு இங்கேயே செய்யணும்னு முடிவு. 1949-ல முருகப்பா குடும்பம், பிரிட்டனோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோட கூட்டு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை அம்பத்தூர்ல. ஹெர்குலிஸ் சைக்கிள் அங்கேருந்து வந்தது. வங்காளத்துல அசன்சோல் பக்கம் சென்-ராலே. ஹரியானாவுல சோனிபட்ல அட்லஸ். லூதியானாவுல முஞ்சால் சகோதரர்கள். அவங்க கதை நம்ம விஷயத்துக்கு ரொம்பப் பொருத்தம். முதல்ல உதிரிபாக வியாபாரம். 1954-ல அவங்க தாங்களே செய்ய ஆரம்பிச்ச பாகம் ஃபோர்க். ஆமா, இந்தக் கிண்ணத்துக்குள்ள நுழையற அதே ஃபோர்க். 1956-ல முழு சைக்கிள், பேரு ஹீரோ. முதல் வருஷம் 639 சைக்கிள். 1986-ல உலகத்துலயே அதிக சைக்கிள் செய்யற கம்பெனின்னு கின்னஸ்ல பேர் வந்துச்சு.

அவங்களைச் சுத்தி லூதியானாவுல சந்து சந்தா சின்னப் பட்டறைகள். ஒருத்தர் பெடல் மட்டும், ஒருத்தர் மணி மட்டும், இன்னொருத்தர் கப்பும் கோனும் மட்டும். சைக்கிளோட வடிவம் பல பத்தாண்டுகளா மாறவே இல்ல. 'மாறாம இருக்கிறது பின்தங்கினது'ன்னு நகரத்துல கேலி பண்ணுவோம். ஆனா மாறாம இருந்ததாலதான் லூதியானாவுல செஞ்ச கிண்ணம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி கீழ்பென்னாத்தூர் கடையில ஒரு தகர டப்பாவுக்குள்ள காத்துக்கிட்டு இருக்கு. எந்த வருஷம் வாங்கின வண்டின்னு கடைக்காரர் கேக்கறதே இல்ல.

கீழ்பென்னாத்தூர் எங்க இருக்குன்னா, திருவண்ணாமலையிலேருந்து செஞ்சி போற ரோட்டுல. தாலுகா தலைமையிடம். மல்லாட்டை விளையற மண். சென்னைக்காரங்களுக்குச் சொல்றேன், மல்லாட்டைன்னா வேர்க்கடலை. இந்தப் பக்கத்துல சைக்கிள் கேரியர்ல மூட்டையும், ஹேண்டில்ல ரெண்டு பக்கம் பால் கேனும் தொங்கும். ஃப்ரேமோட முன்பக்கம் தாங்குற எடை எல்லாம் எங்க இறங்குது? அந்தக் கீழ் கிண்ணத்துல.

எங்க சித்தி வீடு அங்கேருந்து உள்ள தள்ளி ஒரு கிராமம். சித்தி பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா, ஆறு கிலோமீட்டர் சைக்கிள்ல பள்ளிக்கூடம். ஏரிக்கரைச் சரிவுல இறங்கும்போது "ஹேண்டில் தானா ஆடுதுண்ணா"ன்னு சொன்னா. ஆட்டிப் பார்த்தேன், கடக் கடக். எந்தக் கம்பெனியோட புது சைக்கிளா இருந்தாலும் முதல் சில வாரத்துல பால்ஸ் உட்கார்ந்து கொஞ்சம் லூஸ் ஆகறது சகஜம். அப்பவே ஒரு தடவை இறுக்கிட்டா போதும். இறுக்காம ஒரு வருஷம் ஓட்டினா கிண்ணம் குழாய்க்குள்ளயே ஆட ஆரம்பிக்கும். ஆடி ஆடி வட்டமா இருந்த குழாய் வாய் முட்டை வடிவம் ஆயிடும். அதுக்கப்புறம் புதுக் கிண்ணம் போட்டாலும் நிக்காது. நூறு ரூபாய்க்குள்ள முடிய வேண்டிய வேலைக்கு ஃப்ரேமே பழைய இரும்பு. அந்த ரூட்ல பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் கிடையாது. சைக்கிள் போச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்த இடத்துல ரெண்டு விஷயம் சொல்லணும். தமிழ்நாட்டுல பொண்ணுங்க சைக்கிள் ஓட்டறதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1990-களோட தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்துச்சு. அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பல்லாயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேர்ல பார்த்து எழுதினதுல ஒரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு இருந்துச்சு, ஆனா சில பெண்கள் வேணும்னே ஜென்ட்ஸ் சைக்கிளைக் கேட்டாங்களாம், முன்னாடி இருக்கிற பார்ல குழந்தையை உட்கார வைக்கலாம்னு. அப்புறம் 2001-02-ல அரசுப் பள்ளி மாணவிகள்ல ஒரு பகுதியினருக்கு விலையில்லா சைக்கிள், 2005-06-லேருந்து எல்லா மேல்நிலை மாணவர்களுக்கும். வருஷா வருஷம் லட்சக்கணக்குல சைக்கிள். லட்சக்கணக்குல கிண்ணம்னும் சொல்லலாம். ஓட்டக் கத்துக்கொடுத்தோம், சைக்கிளும் கொடுத்தோம். கழட்டி மாட்டக் கத்துக்கொடுக்கறதை மட்டும் பாடத்திட்டத்துல சேர்க்கவே இல்ல.

சித்தி பொண்ணையும் சைக்கிளையும் கூட்டிக்கிட்டு கீழ்பென்னாத்தூர்ல ஒரு கடைக்குப் போனேன். அறுபது தாண்டினவர். ஒரு காலத்துல அவர்கிட்ட மணிக்கணக்குக்கு வாடகை விட்ட சைக்கிளே நிறைய இருந்ததாம், மட்கார்டுல நம்பர் போட்டு. "ஐயா, நாங்களே கழட்டறோம், நீங்க சொல்லிக்கொடுங்க"ன்னு கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "பால்ஸைத் தொலைச்சா நீங்கதான் தேடணும்"னு சொல்லிட்டு ஒரு பழைய வேட்டியை எடுத்துப் போட்டார். அதுதான் முதல் பாடம்: கீழே துணி விரிக்காம ஃபோர்க்கைக் கழட்டக் கூடாது.

ஹேண்டில் நடுவுல இருக்கிற போல்ட்டை முழுசாக் கழட்டாம ரெண்டு மூணு சுத்து மட்டும் தளர்த்தி, கட்டை வெச்சு மேல ஒரு தட்டு. உள்ளே பிடிச்சிருக்கிற ஆப்பு விழுந்திடும், ஹேண்டில் வந்துடும். பிரேக் கம்பியைக் கழட்டி ஓரமாப் போட்டோம். பூட்டு நட்டு, அதுக்குக் கீழ மேல் கோன், ரெண்டையும் எடுத்ததும் ஃபோர்க் கீழே நழுவுது, பால்ஸ் பொலபொலன்னு வேட்டியில. மேல எத்தனை, கீழே எத்தனைன்னு தங்கச்சி எண்ணி வெச்சா. மண்ணெண்ணெயில துடைச்சு வெயில்ல காட்டினா, கீழ் கிண்ணத்துல குழிங்க வரிசையாத் தெரிஞ்சது, பல்லாங்குழி மாதிரி.

இப்ப கிண்ணத்தை எடுக்கணும். வெளியிலேருந்து நெம்பக் கூடாது. குழாயோட எதிர்வாய் வழியா நீளமான இரும்புக் கம்பியை விட்டு, கிண்ணத்தோட உள் விளிம்புல நுனியை வெச்சு, மறுபக்கம் சுத்தியலால அடிக்கணும். ஒரே இடத்துல அடிச்சா கிண்ணம் சாஞ்சு குழாயைக் கிழிக்கும். பெரியவர் சொன்னது: "கோயில் மேளம் மாதிரி, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு." ஒவ்வொரு அடிக்கும் கம்பியை எதிர்ப்பக்கம் மாத்தி மாத்தி. ஏழெட்டு அடியில 'டிங்'னு வந்து விழுந்தது. வெளிநாட்டுக் கடைகள்ல இதுக்குன்னே ஒரு கருவி உண்டு, நுனி நாலாப் பிளந்து விரிஞ்ச குழாய். உள்ளே விட்டா விரிஞ்சு கிண்ணத்தோட விளிம்பு முழுக்கப் பிடிக்கும், அடி சமமா விழும். வீட்டுல ஒரு துண்டு இரும்புக் குழாயோட முனையை ஹேக்ஸா பிளேடால குறுக்கா ரெண்டு தடவை அறுத்து, வெளிப்பக்கமா விரிச்சா அதேதான்.

மாட்டறது எடுக்கறதைவிட நுணுக்கம். கிண்ணம் குழாயைவிட முடியளவு பெரிசா இருக்கும், அந்த இறுக்கத்துலதான் நிக்குது. பசை, ஆணி எதுவும் கிடையாது. பெரியவர் புளியங்கட்டையை மேல வெச்சு அடிப்பார். நான் ஹார்டுவேர் கடையிலேருந்து ஒரு முழு மரை போட்ட கம்பி, ரெண்டு நட்டு, ரெண்டு தடிமனான வாஷர் வாங்கிட்டுப் போயிருந்தேன். கம்பியைக் குழாய்க்குள்ள விட்டு, கிண்ணத்தை வாயில நேரா வெச்சு, ரெண்டு பக்கமும் வாஷர் போட்டு நட்டை மெல்ல இறுக்கினா, அடி இல்லாம அழுத்தத்துலயே இறங்கும். ஒரு நேரத்துல ஒரு கிண்ணம்தான், ரெண்டையும் சேர்த்து இழுத்தா எது சாயுதுன்னு தெரியாது. பெரியவர் அதைப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா நேரமாவுது"ன்னார். உண்மைதான். அவருக்குக் கைப்பழக்கம் இருக்கு, காதும் இருக்கு. கட்டையில அடிக்கும்போது கிண்ணம் முழுசா உட்கார்ந்ததும் சத்தம் மாறும், அதுவரைக்கும் உள்ளீடா இருந்த சத்தம் திடீர்னு கெட்டியாகும். முதல்முறை செய்யறவங்களுக்கு அந்தக் காது இருக்காது. அதனால உங்களுக்குக் கம்பியும் நட்டும்தான்.

மிச்சம் சீக்கிரம் முடிஞ்சது. ஃபோர்க் அடியில இருக்கிற வளையத்தை மாத்தி, பொருத்தமான ஒரு குழாயை மேல விட்டு அடிச்சு உட்கார வெச்சோம். கிண்ணம் நிறைய கிரீஸ். புது பால்ஸ் வரிசையா ஒட்டி, ஒரு பால் போடற அளவுக்கு மட்டும் இடைவெளி. மேல் கோனைக் கையால திருகி, ரெண்டு ஸ்பேனர் போட்டுப் பூட்டினோம். சைக்கிளை முன்னாடி தூக்கினா சக்கரம் தானா ஒரு பக்கம் சாயணும், ஆட்டினா தட்டக் கூடாது. ரெண்டும் ஒரே சமயத்துல வர்ற வரைக்கும் தங்கச்சி நாலு தடவை தளர்த்தி இறுக்கினா. கடைசி இறுக்கு அவளோடது. செட்டோட விலை ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் கம்மி.

டீ குடிச்சுக்கிட்டே போன்ல என் சென்னை சைக்கிளைக் காட்டினேன். கியர் வண்டி. கழுத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, "இதுல கப் எங்க?"ன்னார்.

1990-களோட தொடக்கத்துல ஃபோர்க் தண்டுல மரையே இல்லாத ஹெட்செட் வந்தது, டயா-காம்ப் கம்பெனியோட 'அஹெட்செட்'. அதுல பாதகமில்ல, பெரிய ஸ்பேனர் தேவைப்படாது, ஆலன் கீ போதும், கிண்ணமும் இருந்தது. அதுக்கப்புறம் வந்ததுதான் வேற மாதிரி: கிண்ணமே இல்லாம பேரிங்கை நேரா ஃப்ரேமுக்குள்ளயே உட்கார வைக்கிறது. பார்க்க அழகு, எடையும் கம்மி. 1976-லேருந்து ஹெட்செட் செய்யற அமெரிக்கக் கம்பெனி கிறிஸ் கிங், 2000-களோட தொடக்கத்துலயே இதை வெளிப்படையா எதிர்த்தது. காரணம் நாம முன்னாடி பேசினதுதான்: தேயறதுக்குன்னு இருந்த பாகத்தை எடுத்துட்டா, தேய்மானம் ஃப்ரேம் மேல விழும். பேரிங்கை மாத்தலாம், அது உட்கார்ற இடத்தை மாத்த முடியாது.

இதை அவர்கிட்ட சுருக்கமாச் சொன்னேன். "அப்ப அந்த எடம் தேஞ்சா?"

"ஃப்ரேமை மாத்தணும்ங்க ஐயா."

"அதுக்கு இன்னா வெல?"

சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டு, தங்கச்சி சைக்கிளை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் அவகிட்ட, ஒரு மாசம் கழிச்சு பால்ஸ் உட்கார்ந்ததும் அரைக்கால் சுத்து இறுக்கிக்கச் சொன்னார். ஸ்பேனர் இல்லேன்னா வந்து வாங்கிக்கலாமாம், காசு வேண்டாமாம், திருப்பிக் கொடுத்தா போதுமாம்.